பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பது எப்படி?

என் தங்கைக்கு பேனிக் அட்டாக் (திடீரென உச்சத்துக்குப் போகும் பதற்றம்) வந்தால் முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு "செத்துடுவேன்க்கா" என்பாள். "ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பயம் அவர்களுக்கு நிஜம். "நான் இங்கேயேதான் இருக்கேன், இது இறங்கிடும்" என்று தணிந்த குரலில் சொல்லுங்கள். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல அடங்கும்.

வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மரத்துப்போவது அதனால்தான். 4 எண்ணும்வரை உள்ளிழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல வெளிவிட்டுக் காட்டுங்கள், சேர்ந்துகொள்வார்கள். காகிதப் பைக்குள் மூச்சுவிடச் சொல்ல வேண்டாம், ஆபத்து.

கேட்காமல் தொடாதீர்கள். கையைப் பிடித்தால் என் தங்கைக்கு ஆறுதல். கட்டிக்கொண்டால் மூச்சு முட்டும். இதையெல்லாம் நன்றாக இருக்கும் நாளில் கேட்டுவைக்க வேண்டும்.

முதல்முறை நெஞ்சுவலியோடு வந்தால், மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அடிக்கடி வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சையால் நன்றாகவே குறையும்.