.30-06 உறையிலிருந்து 7×57 மவுசர் உறை: புதியவர்களுக்கான செய்முறை

தென்னாப்பிரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்கள் பலரின் வீடுகளில் 7×57 மவுசர் துப்பாக்கி ஒன்று இருக்கும். 1892இல் உருவான இந்தத் தோட்டாவைத்தான் 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாருடன் நடந்த போரில் போயர்கள் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) பயன்படுத்தினார்கள். கொலென்சோ, ஸ்பியோன்கோப் போர்க்களங்களில் இதே குண்டு பட்டு விழுந்தவர்களைத் தூளியில் சுமந்தவர்களில் நேட்டாலின் ஒப்பந்தக் கூலித் தமிழர்களும் இருந்தார்கள். அதனால் இந்த அளவைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு தனிக் கவனம் வந்துவிடுகிறது. பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கும் எனக்கு, ஒரு குளிர்காலத்தில் கடைகளில் 7×57 வெற்றுறைகள் (வெடிமருந்தும் குண்டும் இல்லாத பித்தளைத் தோட்டா உறைகள்) கிடைக்காமல் போனபோது, நண்பர் ஒருவர் .30-06 உறைகளை ஒரு பை நிறையக் கொடுத்தார். அவற்றை மாற்றிச் செய்யக் கற்றுக்கொண்ட முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் இது ஏன் முடிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ராணுவம் 1906இல் ஏற்ற .30-06 தோட்டா, மவுசர் தோட்டாவின் அடிப்பகுதியை ஒட்டியே வடிவமைக்கப்பட்டது. இரண்டின் அடிவிளிம்பும் ஏறத்தாழ 12 மி.மீ. ஆகவே பிரஸ்ஸில் (உறையை அழுத்தி உருமாற்றும் நெம்புகோல் கருவி) உறையைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரும் ஒன்றே. வேறுபாடு மேலே இருக்கிறது. .30-06 உறையின் நீளம் 63 மி.மீ.க்குச் சற்று மேல்; 7×57இன் நீளம், பெயரே சொல்வதுபோல், 57 மி.மீ. தோளை (உடல் ஒடுங்கும் சரிவு) சில மில்லிமீட்டர் கீழே தள்ளி, கழுத்தை (குண்டைப் பிடிக்கும் குறுகிய மேல்பகுதி) சிறுக்கி, மிச்சத்தை வெட்டி எறிய வேண்டும். பிரஸ்ஸை இழுப்பது எளிது. அளந்து பார்ப்பதுதான் உண்மையான வேலை.

தொடங்கும் முன் சட்டம். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எந்த அளவுத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருக்கிறீர்களோ அதற்குப் பொருந்தும் தோட்டாக்களை மட்டுமே நீங்கள் வைத்திருக்கலாம். 7×57 உரிமம் இல்லாதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

உறைகளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரே தயாரிப்பாளர், ஒரே முத்திரை உள்ள உறைகளை மட்டும் ஒன்றாகச் சேருங்கள். ராணுவ உறைகளின் சுவர் பெரும்பாலும் தடிமனாக இருப்பதால் அவற்றைத் தனியே வையுங்கள். அடிவிளிம்புக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால், அங்கே பித்தளை உள்ளுக்குள் மெலிந்திருக்கலாம். நுனியை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு இழுங்கள். பள்ளத்தில் மாட்டுவதுபோல் கைக்குத் தட்டுப்பட்டால் அந்த உறையைக் கழித்துவிடுங்கள். பழைய பிரைமரை (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) நீக்கும் முன், அது உண்மையிலேயே வெடித்துத் தீர்ந்ததுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போதும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. அமிலம் களிம்பைக் கரைக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கும். மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் வெளியேறுவதன் அடையாளம் அது. அம்மோனியா கலந்த பாலிஷ்களை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் குதிரை லாயங்களின் அருகே வைத்திருந்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, உருவாக்கும்போது பித்தளையில் தங்கிவிட்ட இறுக்கத்தோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்தது என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த இறுக்கத்தைப் போக்கும் வழிதான் அடுத்த படி.

கழுத்தைப் பதப்படுத்துதல்

நெளித்த பித்தளை இறுகும். இறுகிய பித்தளையை மேலும் நெளித்தால் கழுத்து பிளக்கும். எனவே உருமாற்றும் முன் கழுத்தையும் தோளையும் சூடாக்கி இளக்க வேண்டும். புதிய தோளாகவும் கழுத்தின் அடியாகவும் நாம் மாற்றப்போவது .30-06இன் உடற்பகுதி என்பதால், பழைய தோளுக்குக் கீழே ஏழெட்டு மில்லிமீட்டர் வரை சூடு எட்ட வேண்டும். குறிப்பிட்ட வெப்பத்தில் உருகிக் காட்டும் பூச்சு கடைகளில் கிடைக்கிறது. 400 பாகை செல்சியஸ் அளவுள்ளதைக் கழுத்தின் உட்புறம் தடவி, கேஸ் டார்ச் சுடரில் உறையைச் சீராகச் சுழற்றுங்கள். பூச்சு உருகியதும் எடுத்துவிடுங்கள். அரையிருட்டான அறையில் செய்தால், கழுத்து சிவக்கத் தொடங்குகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். சிவந்துவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

அடிப்பகுதி மட்டும் ஒருபோதும் இளகக் கூடாது. வெடிக்கும்போது எழும் அழுத்தத்தைத் தாங்குவது அந்தக் கெட்டியான அடிதான். அது இளகிய உறை முகத்துக்கு நேரே வாயுவைக் கக்கக்கூடும். விரலால் அடியைப் பிடிக்க முடியாத அளவு சூடேறிய உறை எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை.

உருமாற்றுதல்

மெல்லிய பல்லுள்ள ரம்பத்தால் உறையை ஏறத்தாழ 59 மி.மீ. நீளத்துக்கு முதலில் வெட்டிக்கொண்டால், மிச்சக் கழுத்து டையின் (உறையை வடிவத்துக்கு அழுத்தும் எஃகு அச்சு) உச்சியில் போய் முட்டாது. பிசிறை உள்ளும் புறமும் நீக்குங்கள். பிறகு நேரே 7×57 டைக்குப் போகாமல், 8×57 டையில் ஒருமுறை ஏற்றுங்கள். அதன் கழுத்து சற்றுப் பெரியது; ஆகவே பித்தளை இரண்டு தவணையாக ஒடுங்கும், தோள் மடிந்து நொறுங்குவது குறையும். இரண்டு டைகளிலும் நடுத்தண்டைக் கழற்றிவிடுங்கள்.

மசகு தடவுவதில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. என் முதல் உறையில் மசகு போதாமல் அது டைக்குள் இறுகிப்போய், துளையிட்டு மறையிட்டு இழுத்தெடுக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. பயந்துபோய் அடுத்ததில் தாராளமாகத் தடவினேன். எண்ணெய் போக இடமில்லாமல் தோளில் கட்டைவிரல் பதிந்ததுபோல் ஒரு குழி விழுந்தது. உடலில் மெல்லிய படலம், தோளில் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே சரியான அளவு. கையை மெதுவாக இறக்குங்கள். பாதியில் சற்றே தூக்கி மறுபடி இறக்குங்கள்.

7×57 டையை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள். தோள் அளவுக்கு மீறிப் பின்னே போனால் சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) உறை தளர்ந்து நிற்கும், சுடும்போது இழுபட்டு அறுபடும். சாதாரண டையின் மறையில் ஒரு முழுச் சுற்று 1.8 மி.மீ.; எட்டில் ஒரு சுற்று 0.23 மி.மீ. அந்த அளவில் இறக்கி, ஒவ்வொரு முறையும் மசகைத் துடைத்துவிட்டு, வெற்றுறையைத் துப்பாக்கியில் வைத்து போல்ட்டை (சேம்பரை மூடும் தாழ்) மூடிப் பாருங்கள். போல்ட்டின் பிடி கடைசிப் பகுதியில் லேசான தடையோடு இறங்கினால் அங்கேயே டையைப் பூட்டுங்கள். முடிவில் டிரிம்மரில் 56.5 மி.மீ.க்கு வெட்டுங்கள்.

கழுத்தை அளத்தல்

தொடக்கக்காரர்கள் தாண்டிச் செல்வதும், தாண்டவே கூடாததும் இந்தப் படிதான். நம் புதிய கழுத்தின் கீழ்ப்பகுதி, .30-06இன் உடற்சுவரிலிருந்தும் தோளிலிருந்தும் பிறந்தது. உடற்சுவர் கழுத்துச் சுவரைவிடத் தடிமன். ஒடுங்கும்போது அது மேலும் தடிக்கிறது. கழுத்து சேம்பரில் இறுகினால், குண்டை விடுவிக்க அதற்கு விரிய இடமிருக்காது. அழுத்தம் அபாயகரமாக ஏறும்.

மருந்தும் பிரைமரும் இல்லாமல், குண்டை மட்டும் பொருத்தி, மைக்ரோமீட்டரால் கழுத்தின் வெளிவிட்டத்தை அளங்கள். 7×57க்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் ஏறத்தாழ 8.25 மி.மீ. குண்டின் விட்டம் 7.21. என் முதல் தொகுதியில் சுவர் 0.54 மி.மீ. இருந்தது, 7.21உடன் இருமுறை 0.54ஐக் கூட்டினால் 8.29. உச்சத்தையே தாண்டிவிட்டது. போல்ட் மூடியிருக்கும், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கழுத்துச் சீவும் கருவியால் சுவரை 0.38க்குக் குறைத்த பின் 7.97 வந்தது. கழுத்தின் அடியில், தோள் சேரும் இடத்தில், உட்புறமாக ஒரு தடித்த வளையம் எஞ்சும். அதை ரீமரால் (உட்சுவரைச் சீவும் கருவி) எடுத்துவிடுங்கள்.

அடையாளமும் முதல் சூடும்

உறையின் அடியில் இன்னமும் .30-06 என்றே பொறித்திருக்கும். அதை நம்பி யாராவது .30-06 துப்பாக்கியில் இட்டால், குட்டையான உறை அந்தச் சேம்பரில் பிடிப்பின்றி நின்று வெடித்துப் பிளக்கும். அதனால் மாற்றிய உறை ஒவ்வொன்றின் அடியிலும் அழியாத மையால் பழைய முத்திரையின் மேல் குறுக்குக்கோடு இடுங்கள். பெட்டியின் மேல் 7×57 என்று பெரிதாக எழுதுங்கள். .30-06 துப்பாக்கி உள்ள வீட்டில் இவற்றை ஒரே அலமாரியில் வைக்கவே வேண்டாம்.

தடித்த சுவர், உள்ளே இடத்தைக் குறைக்கிறது. கடையில் வாங்கிய 7×57 உறை ஒன்றையும் நீங்கள் செய்த உறை ஒன்றையும், சுட்ட பிரைமரைக் குழியிலேயே விட்டு, வெறுமையாக ஒருமுறையும் விளிம்புவரை நீர் நிரப்பி ஒருமுறையும் எடை போட்டு, வித்தியாசத்தை நீரின் எடையாகக் கொள்ளுங்கள். உங்களுடையது குறைவான நீரைக் கொண்டால், அதே மருந்தளவு அதிக அழுத்தம் தரும். மருந்து அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. மருந்துத் தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டில் உள்ள மிகக் குறைந்த தொடக்க அளவை மட்டுமே எடுங்கள். போயர் போர்க்காலத்து மவுசர் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிற்காலத்து மவுசர் 98 மாடலில் உள்ள மூன்றாவது தாங்குமுனை (போல்ட்டைப் பின்னே போகாமல் பிடிக்கும் கூடுதல் புடைப்பு) அந்தப் பழைய போல்ட்டில் கிடையாது. அத்தகைய துப்பாக்கியை முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஐந்து தோட்டாவுக்கு மேல் வேண்டாம். கண்ணாடி அணிந்து, சுடுதளத்தில், ஒவ்வொன்றாகச் சுட்டு, ஒவ்வொரு உறையையும் எடுத்துப் பாருங்கள். கழுத்து பிளந்திருக்கிறதா, பிரைமர் தட்டையாகிவிட்டதா, அடியருகே புதிய வளையம் தெரிகிறதா, போல்ட் திறக்கக் கனத்ததா? இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அத்துடன் நிறுத்தி, மீதத் தோட்டாக்களைப் பிரித்து, மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்துக் கழுத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.