இருண்ட அண்டமும் பத்து வயது நாயகியும்: சிறுவர் சாகசக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓயாத போர், கோடிக்கணக்கில் சாகும் மனிதர்கள், எவர் முகமும் அறியாத ஒரு பேரரசு. பல்லாயிரம் ஆண்டுகள் தள்ளி நடக்கும் இப்படியொரு அண்டத்தில் ஒரு குழந்தைக்கு என்ன வேலை? 2018இல் இந்தக் கேள்வியை வைத்துப் பெரிய சச்சரவே நடந்தது. பிரிட்டனில் 1987இல் வெளியான ‘வார்ஹாமர் 40,000’ என்ற மேசை விளையாட்டின் உலகம் அதன் கொடூரத்துக்குப் பேர்போனது. அந்த உலகத்தில் நடக்கும் கதைகளை 8 முதல் 12 வயது வரையிலான வாசகர்களுக்காகக் கொண்டுவரப்போவதாக அதன் நிறுவனம் அறிவித்ததும் பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். மறு ஆண்டே புத்தகங்கள் வந்தன. சிறுவர்களே நாயகர்கள்.

என் கட்சி குழந்தைகளின் பக்கம். அங்கே அவர்களுக்கு வேலை இருக்கிறது, அதுவும் பெரியவர்களால் செய்ய முடியாத வேலை. அது என்னவென்று தெரியாமல் எழுதுவதால்தான் பாதிக் கதைகள் கெடுகின்றன. கோத்தகிரியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு இந்த வகைக் கையெழுத்துப் பிரதிகள் தொடர்ந்து வருகின்றன. எழுதுபவர்களில் பள்ளி ஆசிரியை உண்டு, கல்லூரி மாணவர்கள் உண்டு, தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் ஒருவரும் உண்டு. கற்பனைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல், குழந்தையை உயரம் குறைந்த படைவீரனாக்குவது. ‘பத்தே வயதான வீரன் தன் ஒளித்துப்பாக்கியை உயர்த்தினான். நூறு எதிரிகள் சாம்பலானார்கள்’ என்று ஒரு கதை தொடங்கும். இதில் பத்து என்பதை அடித்துவிட்டு முப்பது என்று எழுதிப் பாருங்கள். ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை என்றால் அங்கே குழந்தையே இல்லை. எந்தப் பிரதி வந்தாலும் நான் முதலில் செய்யும் சோதனை இதுதான்.

இத்தகைய அண்டத்தில் உண்மையான பயங்கரம் அரக்கர்களிடம் இல்லை, அலட்சியத்தில் இருக்கிறது. பேரரசு மனிதர்களை எண்ணிக்கையாகத்தான் பார்க்கும். அந்த எண்ணிக்கையிலும் குழந்தைகள் சேர மாட்டார்கள். பேரேட்டில் பெயர் இல்லாதவளைத் தேட ஆணையும் வராது. பெரியவர்களுக்கு மூடிக் கிடக்கும் வழி அவளுக்குத் திறப்பது இதனால்தான். கதையை ஓட்ட வேண்டிய விசை இது. எங்கள் வட்டத்தில் மாதிரிக்காக நான் எழுதிக் காட்டிய பத்தி ஒன்று:

‘வரிசையில் நின்றவர்களின் மணிக்கட்டுகளைக் காவல் இயந்திரம் ஒவ்வொன்றாகப் படித்தபடி வந்தது. பன்னிரண்டு வயது நிரம்பினால்தான் மணிக்கட்டில் எண் பொறிப்பார்கள். செவ்வந்திக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. அவள் கையை நீட்டினாள். இயந்திரம் ஒரு கணம் நின்றது. பிறகு அந்த இடத்தில் யாருமே இல்லையென்று முடிவு செய்து அடுத்தவரிடம் நகர்ந்தது. “அண்ணா, நான் போகட்டுமா?” என்றாள். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, “கதவு மூடுவதற்குள் போ” என்றான்.’

துப்பாக்கி இல்லை, சாபம் இல்லை, மந்திரம் இல்லை. வயதை மாற்றினால் காட்சியே நடக்காது. அவ்வளவுதான் நான் கேட்பது.

அடுத்தது அம்மா அப்பாவைத் தீர்த்துக்கட்டும் அவசரம். சாகசக் கதையில் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு வேலை இருக்காது என்பது உண்மைதான். அதற்காக முதல் பக்கத்திலேயே குண்டு போட்டுக் குடும்பத்தை ஒழித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் நாயகன் விசிலடித்துக்கொண்டு விண்கலம் ஏறுவதை எப்படி நம்புவது? பிரிவுக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணமே கதையின் இருட்டாகவும் இருக்க வேண்டும்.

நீலகிரியில் இருந்துகொண்டு பிரிவுக்குக் காரணம் கிடைக்கவில்லை என்று எவரும் சொல்லக் கூடாது. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்தில் இருந்த சுமார் 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழர்களைக் கணக்கில் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அந்த மக்களைக் கேட்டு எழுதிய கணக்கு அல்ல அது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமைக் கடந்து மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பள்ளிக்குப் போகிறார்கள். அண்ணனுக்கு ஒரு நாட்டின் காகிதம், தம்பிக்கு இன்னொரு நாட்டின் காகிதம் என்று உடைந்த குடும்பங்களின் கதை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. இரண்டு கோள்களுக்கு இடையே மனிதர்களைப் பங்கு போடும் பேரரசை எழுத வேண்டுமா? உங்கள் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பாட்டியிடம் போய்க் கேளுங்கள். ஒரு குண்டும் வெடிக்க வேண்டாம். ஒரு எழுத்தர் பேனாவை எடுத்தால் போதும்.

இயற்பியலும் பெரியவர்களைத் தள்ளி வைக்கும். செவ்வாயிலிருந்து பூமிக்குச் செய்தி வந்து சேர, கோள்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து, ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். சூரியனுக்கு அடுத்து மிக அருகில் உள்ள விண்மீனிலிருந்து என்றால் நான்கு ஆண்டுகளுக்கு மேல். அம்மா உயிரோடு இருக்கிறாள், பேசுகிறாள், ஆனால் காதில் விழுவது நான்கு வருடம் பழைய அறிவுரை! ஊட்டி பக்கத்தில் முத்தொரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பலரும் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டியின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அதே அளவு, சுமார் 11 பாகை, சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அது வானத்திலிருந்து வருவதைக் கேட்கும், பதில் அனுப்பாது. இப்படி ஒரு கருவிக்குக் காவலாக ஒரு சிறுமியை உட்கார வைத்தாலே பாதிக் கதை தயார்.

இருட்டை எவ்வளவு காட்டுவது என்பதில் இரண்டு வகைப் பிழைகள் வருகின்றன. பயந்தவர்கள் சர்க்கரை போடுகிறார்கள். போர் நடக்கும், எவரும் சாக மாட்டார்கள், கொடுங்கோலன் கடைசியில் மன்னிப்புக் கேட்பான். துணிந்தவர்கள் பக்கத்துக்குப் பக்கம் குடலை உருவுகிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மரணம் புதிதல்ல. தாத்தாவைத் தூக்கிப் போனதை அது பார்த்திருக்கும். அதற்குப் புரிய வேண்டியது சாவுக்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பது. அந்தத் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்காளர் தன் கதையில் ஓர் இடத்தை அற்புதமாகப் பிடித்திருந்தார். சுரங்கக் கப்பலில் ஒரு கிழவர் இறந்துபோகிறார். கணக்கில் பெயர் நீக்கப்படும் வரை அவருடைய பங்கு ரொட்டி தினமும் வந்துகொண்டே இருக்கிறது. அதைத் தின்னலாமா கூடாதா என்று மூன்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். மூவருக்கும் பசி. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் அந்தக் கப்பலின் கொடுமை முழுவதும் வந்துவிட்டது. அடுத்த அத்தியாயத்தில் அவரே ஆறு கை அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்தியது வேறு விஷயம். அரக்கனை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறோம், மனிதர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பேரரசின் வரலாற்றை முதல் மூன்று பக்கங்களில் கொட்டுவது பெரியவர்களுக்கான அறிவியல் புனைவிலும் உள்ள நோய். சிறுவர் கதையில் அது ஆளையே கொல்லும். எந்த வம்சம் எந்தப் போரில் வென்றது என்று பிள்ளைகள் கேட்பதில்லை. குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவறை எங்கே, இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார்கள். ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு அதை ஒழுங்காகக் காட்டினால் அண்டமே நம்பத்தக்கதாகிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏறும் மலை ரயிலைக் கவனித்துப் பாருங்கள். 1899இல் குன்னூர் வரை வந்தது, 1908இல் ஊட்டியைத் தொட்டது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பல் வரிசை ஒன்று ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும். எஞ்சின் முன்னால் இழுக்காது, கீழ்ப்பக்கத்திலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஓர் ஊழியர் நிற்பார், கையில் கொடியோடு. இதைத் தூக்கி ஒரு விண்கலத்தில் வையுங்கள். ஆயிரம் ஆண்டு பழைய கலம், பெட்டிக்குப் பெட்டி கையால் பிரேக் பிடிக்க வேண்டும், ஒரு பெட்டியில் மட்டும் ஆள் இல்லை. கொடியை எடுப்பது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அறிவியல் பிழைகளில் வெற்றிடத்தில் குண்டுச் சத்தம் கேட்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். காற்றழுத்தத்தைத்தான் எவரும் கவனிப்பதில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேக வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். காற்றைச் சிக்கனம் பிடிக்கும் ஒரு சுரங்க நிலையத்தில் சோறு வேகாது, தேநீர் நாக்கைச் சுடாது. அழுத்தம் குறைகிறது என்று கருவிகள் எச்சரிக்கும் முன்பே அடுப்படியில் நிற்கும் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். சமவெளி எழுத்தாளருக்குச் சட்டென்று தோன்றாத திருப்பம் இது. நம்மவர்களோ அதை விட்டுவிட்டு லேசர் கத்தியைத் தேடிப் போகிறார்கள்.

ஒரு தவறைப் பற்றி மட்டும் கோபமாகவே எழுதுகிறேன். மலையைக் களமாக வைத்தால் உடனே நீலகிரிப் பழங்குடிகளில் ஒரு தோடர் முதியவரோ குறும்பர் மூதாட்டியோ புகைக்குள்ளிருந்து தோன்றி, நாயகனுக்கு மந்திர வேரைக் கொடுத்து மறைந்துவிடுவார். அவருக்குப் பெயர் இருக்காது, பேரப்பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், அடுத்த அத்தியாயத்தில் அவர் தேவைப்படவும் மாட்டார். குறும்பர்களிடம் மாந்திரீகம் இருப்பதாகச் சொல்வது விளையாட்டான கற்பனை அல்ல. சூனியம் வைத்தார்கள் என்று பழி சுமத்தி அவர்களைக் கொன்ற சம்பவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு நீலகிரியின் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அதே பழியை நாற்பதாயிரம் ஆண்டு தள்ளிப் போய் மறுபடியும் சுமத்த வேண்டுமா? கோத்தர்கள் இந்த மலையில் இரும்படித்தவர்கள், பானை வனைந்தவர்கள், இசைத்தவர்கள். கலத்தின் உலைக்கூடத்தில் தலைமைப் பொறியாளராக ஒரு கோத்தர் பெண் இருக்கட்டும், அவள் மகள் நாயகியோடு சண்டை போடட்டும். கோத்தர் ஊரில் ஒருவருக்கு வாசிக்கக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்தியும் விடுங்கள்.

மற்றவை சில்லறைத் தவறுகள். ‘நீதான் தீர்க்கதரிசி சொன்ன குழந்தை’ என்ற வசனம் வந்த உடனே நாயகியின் மூளைக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறீர்கள், பிரதியில் நான் முதலில் அடித்து நீக்குவது அந்த வசனத்தைத்தான். நகைச்சுவைக்கென்றே ஒரு ரோபோவைக் கூட்டி வந்தால் அதற்கும் ஒரு பயம், ஒரு ஆசை கொடுங்கள். விளையாட்டிலோ படத்திலோ பார்த்த படைகளின் பெயர்களையும் வேற்றுக்கிரக இனங்களின் பெயர்களையும் அப்படியே எடுத்தாளாதீர்கள். அவை நிறுவனங்களின் சொத்து. ரசிகராக நோட்டில் எழுதி நண்பர்களோடு மகிழலாம், அச்சுக்கு அனுப்பும்போது சிக்கல்.

முடிவில் சறுக்குபவர்கள்தான் அதிகம். பதினான்கு அத்தியாயம் பொறுமையாகக் கட்டிய பேரரசைப் பதினைந்தாம் அத்தியாயத்தில் ஒரு சிறுமி பொத்தானை அழுத்திக் கவிழ்த்துவிடுவாள். அத்தனை எளிதில் கவிழ்வதென்றால் இவ்வளவு நாள் எல்லோரும் ஏன் பயந்தார்கள் என்று எட்டு வயது வாசகனே கேட்பான், எங்கள் வட்டத்தில் கேட்டும் இருக்கிறான். இந்த வகைக் கதையில் அண்டம் திருந்தாது. வெற்றி குழந்தையின் அளவில் இருக்க வேண்டும்: ஒரு தம்பி திரும்பக் கிடைக்கிறான், ஒரு குடியிருப்புக்குத் தண்ணீர் வருகிறது, ஒரு பெயர் பேரேட்டிலிருந்து அழிகிறது. சின்ன வெற்றிதானே என்று கூச்சப்பட்டு, மிச்சத்தை இரண்டாம் பாகத்தில் சொல்கிறேன் என்று நாயகியை அந்தரத்தில் தொங்கவிட்டு முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. முதல் பாகத்துக்கே பதிப்பாளர் கிடைக்காத ஊரில் எழுதுகிறோம். தம்பியைத் தேடிப் போனவள் தம்பியைக் கண்டுபிடித்த பிறகு ‘தொடரும்’ போடுங்கள்.