மலிவு பைனாகுலர் வாங்குகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

காலை நடைக்கு எங்களோடு புதிதாக வந்த ஒருவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பைனாகுலரை இறக்கிவிட்டு நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "கண் டாக்டரைப் பார்க்கணும் சார், பவர் ஏறிடுச்சு போல" என்றார். அவர் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தேன். கோளாறு அவர் கண்ணில் இல்லை. ஒரு காலத்தில் நானும் இதே வசனத்தைச் சொன்னவன்தான். சொன்னதோடு நிற்காமல் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தவன்.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், சூரியனைப் பார்க்காதீர்கள் என்பதெல்லாம் பெட்டிக்குள் வரும் தாளிலேயே இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## பெரிய எண்ணில் மயங்குவது

8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் அகலம் 42 மில்லிமீட்டர். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது. 10×25இல் அது வெறும் 2.5. நடுப்பகலில் கண்மணி 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருப்பதால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கடையில் ஏமாறுவது இப்படித்தான். வேட்டைக்குப் போகிறவருக்கும் பறவை பார்க்கிறவருக்கும் முக்கியமான நேரம் விடியலும் அந்தியும். அப்போது கண்மணி விரிந்துவிடும், சின்ன பைனாகுலரில் புதரே கறுப்பாகத் தெரியும். அப்புறம், 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். டிரைபாட் இல்லாமல் ஆகாது.

சில பெட்டிகளில் 30×60 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஆனால் கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு ஸ்கேலை எடுத்து முன் லென்ஸை அளந்து பாருங்கள். 60 மில்லிமீட்டர் இல்லையென்றால் 30 என்பதையும் நம்ப வேண்டியதில்லை.

## ஜூம்

வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

## இரண்டு குழலும் ஒத்துப்போகாதது

என் முதல் பைனாகுலர் 10இலிருந்து 30 மடங்கு வரை ஜூம் ஆவது. வாங்கிய அன்று எதிரே இருந்த மரத்தைப் பார்த்தேன், பிரமாதம். காட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தால் மட்டும் மண்டை தெறிக்கும். தூக்கம் போதவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன். கண்ணாடியை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஓராண்டு அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் கூட வந்த பெரியவர் அதைக் கேட்டு வாங்கி, கண்ணில் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு, "தம்பி, இது ரெண்டு கண்ணுக்கும் வேற வேற திசையைக் காட்டுதே" என்றார்.

பைனாகுலர் என்பது ஒட்டிவைத்த இரண்டு தொலைநோக்கிகள். இரண்டும் இம்மி பிசகாமல் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். மலிவான கருவிகளில் உள்ளே ஒளியை மடக்கித் திருப்பும் பிரிசம் என்ற கண்ணாடிக் கட்டியை ஒரு சொட்டுப் பசையோ மெல்லிய தகடோதான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை கீழே விழுந்தால் போதும், நகர்ந்துவிடும். பிசகு பெரிதாக இருந்தால் காட்சி இரண்டாகத் தெரியும், யாரும் வாங்க மாட்டார்கள். சிறிதாக இருக்கும்போதுதான் வம்பு. மூளை கண் தசைகளை இழுத்துப் பிடித்து இரண்டு காட்சியையும் ஒன்றாக்கிக் காட்டிவிடும். அந்த வேலைக்குக் கூலிதான் தலைவலி.

கண்கள் உள்பக்கம் திரும்பப் பழகியவை. கிட்டத்தில் வைத்துப் படிக்கும்போது அதைத்தானே செய்கின்றன. வெளிப்பக்கம் விலகவோ, ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போகவோ அவற்றுக்கு வராது. அதனால் மேல் கீழாகப் பிசகியிருப்பதுதான் ரொம்ப மோசம். பவர் கூடக் கூடப் பிசகும் பெருகும். 8 மடங்கில் சமாளிக்கிற கண் 20 மடங்கில் கையை விரித்துவிடும். ஜூமில் இரண்டு பக்க லென்ஸ்களும் ஒன்றாக நகர்ந்தாக வேண்டும், பல மலிவு ஜூம்களில் அவற்றை இணைத்திருப்பதோ ஒரு மெல்லிய பட்டை. எங்கே ஒத்துப்போகும்?

எனக்கு இன்னும் எரிச்சல் எதிலென்றால், விற்றவர் "பழகப் பழகச் சரியாயிடும்" என்று சொன்னதையும் அதை நான் நம்பியதையும்தான். அது பழகிச் சரியாகிற சமாச்சாரமே இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கருவியை உங்கள் கண்ணுக்கு அமைத்துக்கொள்ளுங்கள். வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்பக்கம் இருக்கும் டயாப்டர் வளையத்தைத் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். இந்த வளையத்தைத் தொடாமலே வருடக்கணக்கில் பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் தலைவலிக்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து தூரத்தில் ஒரு மின்கம்பியையோ கூரை விளிம்பையோ பாருங்கள். பைனாகுலரைச் சாயாமல் பிடித்தபடி கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள். இரண்டு வட்டங்கள் தெரியும். இரண்டிலும் கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். இன்னொன்று, சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்க முன் லென்ஸைக் கையால் பத்து விநாடி மூடித் திறங்கள். காட்சி ஒரு கணம் இரண்டாகி, பிறகு வழுக்கிக்கொண்டு ஒன்று சேர்கிறதா? மூளை மூச்சைப் பிடித்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இரவில் ஒரு நட்சத்திரத்தை வைத்தும் பார்க்கலாம். டயாப்டரைத் திருப்பி வலது பக்கத்தை மங்கலாக்கினால், ஒரு கண்ணில் புள்ளியும் மறு கண்ணில் மங்கல் வட்டமும் தெரியும். புள்ளி வட்டத்துக்குள் உட்கார வேண்டும்.

இதை வாங்கிய அன்றே செய்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கக் கெடு இருக்கும்போதே. மலிவு மாடல்களில் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் இருக்கும். அதே மாடலில் வேறொன்று சரியாக இருக்கக்கூடும். நெற்றியைத் தேய்த்தவர் மூடித் திறந்து பார்த்துவிட்டு, "ஆமா சார், வழுக்குது" என்றார். அவருடைய கெடு முந்தின வாரமே முடிந்திருந்தது.

## சிவப்பு லென்ஸ்

பார்க்க ஜோராக இருக்கும். லென்ஸ் மேல் இருக்கும் அந்தப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உலகமே பச்சையும் நீலமுமாகத் தெரியும்.

பூச்சில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் தின்றுவிடும். பத்துப் பரப்புகளைத் தாண்டுவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பெட்டியில் ‘கோட்டட்’ என்று மட்டும் இருந்தால் ஏதோ சில பரப்புகளுக்குப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்று, அதாவது எல்லாப் பரப்புக்கும் பல அடுக்காகப் பூசியது என்று, இருக்க வேண்டும்.

## நேர்க்குழல்தான் நவீனம் என்று நினைப்பது

இரண்டு குழலும் வளைவில்லாமல் நேராக நீண்டிருக்கும் நேர்க்குழல் வகையில் நல்ல காட்சி வர வேண்டுமென்றால் பிரிசத்துக்கே தனியாகச் சில பூச்சுகள் தேவை. மலிவில் கைவைப்பது அங்கேதான். பழைய பாணியில் அகன்ற தோளோடு இருக்கும் போரோ வகைக்கு அந்தச் செலவு இல்லை, அதே காசுக்குக் காட்சி தெளிவாக இருக்கும். ஆனால் பருமன் அதிகம். மலிவில் மழை தாங்குவதும் அபூர்வம். ஈரத்தில் அலைகிறவர் என்றால் நைட்ரஜன் நிரப்பிய நேர்க்குழலே மேல், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

## ஃபோகஸே தேவையில்லை என்பது

ஃபோகஸ் சக்கரமே இல்லாத மாடல்களில் அந்த வேலையை உங்கள் கண் செய்யும். மறுபடியும் தலைவலி.

## கண்ணாடி போட்டவர்கள்

கண்ணுக்கும் கண்பக்க லென்ஸுக்கும் விட வேண்டிய இடைவெளி குறைந்தது 15 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காட்சியின் நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும்.

## கழுத்து வார்

பெட்டியோடு வரும் மெல்லிய வாரை முதல் நாளே கழற்றிவிடுங்கள். 700 கிராம் எடை மதியத்துக்குள் கழுத்தை அறுத்துவிடும். தோளில் மாட்டும் பட்டையாக வாங்குங்கள்.