ஷட்டவுன் சொன்னால் ஆஃப் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை

எங்கள் லினக்ஸ் சர்வரில் கேவிஎம்மில் (ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓடவிடும் வசதி) ஐந்து விர்ச்சுவல் மெஷின்கள். இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொன்றாக நிறுத்தி, டிஸ்க் ஃபைலை நகலெடுத்து, மறுபடி ஓடவிடும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட்டை, அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகள் அடங்கிய ஃபைலை, எழுதி வைத்திருந்தேன். பல மாதங்கள் எந்தப் புகாரும் இல்லை. ஒருநாள் டேட்டாபேஸ் மெஷினை பேக்கப்பிலிருந்து எடுத்தபோதுதான் தெரிந்தது, ஃபைல் சிஸ்டம் முழுக்கப் பிழை.

இப்படி ஆனால் ஸ்கிரிப்ட்டை வாசித்துக்கொண்டே உட்காராதீர்கள். எழுதியவனுக்கு அது சரியாகத்தான் தெரியும். போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சோதனை மெஷினை உருவாக்கி, அதன் மேல் ஸ்கிரிப்ட்டை பாஷ் மைனஸ் எக்ஸ் (bash -x) என்று ஓட்டுங்கள். ஓடுகிற ஒவ்வொரு கட்டளையும் பிளஸ் குறியோடு திரையில் வரும். அதற்கு முன், அந்த பிளஸ் குறியைத் தீர்மானிக்கும் பிஎஸ்4 (PS4) என்ற மாறியில் நேரத்தையும் வரி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். என் பிழை அங்கேதான் மாட்டியது: மெஷின்களை நிர்வகிக்கும் விர்ஷ் (virsh) கருவியின் ஷட்டவுன் கட்டளை ஓடிய அதே நொடியில் நகலெடுக்கும் வரியும் ஓடியிருந்தது.

விர்ஷ் ஷட்டவுன் என்பது பவர் பட்டனை ஒருமுறை அழுத்துவது போலத்தான். மெஷினிடம் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். அது அணைந்ததா என்று நின்று பார்க்காது. ஆகவே நான் நகலெடுத்ததெல்லாம் பாதி எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கை. ஸ்லீப் 60 என்று அறுபது நொடி காத்திருக்க வைத்துத் தப்பிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம், டேட்டாபேஸ் மெஷின் அணைய சில இரவுகளில் அறுபது நொடிக்கு மேலும் ஆகும். ஐந்து நொடிக்கு ஒருமுறை, மெஷினின் நிலையைச் சொல்லும் விர்ஷ் டொம்ஸ்டேட் (domstate) கட்டளையைக் கேட்டு, 'ஷட் ஆஃப்' என்று வரும்வரை அன்டில் லூப்பில் காத்திருங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் அந்த மெஷினை விட்டுவிட்டு, லாகில் ஒரு வரி எழுதி அடுத்ததற்குப் போகட்டும். அவசரப்பட்டு விர்ஷ் டெஸ்ட்ராய் போடாதீர்கள். பெயர் மிரட்டுகிற மாதிரி அது டிஸ்க்கை அழிக்காது, ஆனால் பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம்.

லூப் எழுதியும் என் பிரச்சினை முடியவில்லை. மெஷின் அணைந்த பிறகும் மூன்று நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. 'ஷட் ஆஃப்' இரண்டு சொல் அல்லவா? அந்தப் பதிலை வைத்திருந்த மாறியைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடாததால் பாஷ் அதை இரண்டாகப் பிரித்து, 'டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்' என்று கத்தியது. ஒப்பீடு தோற்றதால் லூப்பும் நிற்கவில்லை. ஓடும் நிலையில் வரும் 'ரன்னிங்' ஒரே சொல் என்பதால் அதுவரை சத்தமே இல்லை. ஸ்கிரிப்ட் பிழைகளைக் கண்டுபிடிக்கும் ஷெல்செக் என்ற கருவியில் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்திருந்தால் முதல் நாளே அந்த வரியைக் காட்டியிருக்கும். அப்புறம், விர்ஷ் பதில் சிஸ்டத்தின் மொழிக்கு ஏற்ப மாறும். ஸ்கிரிப்ட்டின் மேலே, மொழியைத் தீர்மானிக்கும் எல்சி ஆல் (LC_ALL) மாறிக்கு சி என்று கொடுத்து வையுங்கள், பதில் எப்போதும் ஆங்கிலத்தில் வரும்.

இதெல்லாம் சரியானதும் ஸ்கிரிப்ட்டை ரூட்டின் (நிர்வாகி கணக்கு) க்ரானிலிருந்து, அதாவது குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதியிலிருந்து, என் கணக்கின் க்ரானுக்கு மாற்றினேன், நகலெடுக்கும் வரிக்கு மட்டும் ரூட் அதிகாரம் தரும் சூடோ. கையால் ஓட்டினால் வேலை செய்தது, இரவில் ஒரு மெஷினையும் தொடவில்லை. ரூட் அல்லாத கணக்கில் விர்ஷ் இயல்பாக செஷன் இணைப்புக்குத்தான் போகும், அதில் அந்தக் கணக்கின் சொந்த மெஷின்கள் மட்டும்தான் தெரியும். அதனால் நான் டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி (.bashrc) ஃபைலில், எங்கள் ஐந்து மெஷின்களும் இருக்கும் சிஸ்டம் இணைப்பு என்று அமைத்திருந்தேன். க்ரான் அந்த ஃபைலைப் படிப்பதில்லை. அதனால் மெஷின் பட்டியல் காலி, லூப் ஒருமுறைகூட ஓடவில்லை, ஸ்கிரிப்ட்டும் வெற்றி என்று முடிந்தது. இப்போது இணைப்பு முகவரியை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே விர்ஷ் மைனஸ் சி (virsh -c) போட்டு எழுதிவிட்டேன். பட்டியல் காலி என்றால் தோல்வி என்று சொல்லும் எக்ஸிட் 1, கூடவே எனக்கு ஒரு மெயில்.