ஷோச்சித்ல்: ஒரு நவாட்டல் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

நவாட்டல், மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்டெக் மக்களின் மொழி. மெக்சிகோவில் இன்றும் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர் இது. 'பூ' என்று பொருள். அகராதி அதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு நாட்காட்டியும் ஒரு கவிதை மரபும் இருக்கின்றன.

1. முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்

எழுத்தில் இது 'எக்ஸ்'ஸில் தொடங்கும். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார் நவாட்டலை எழுதிவைத்தபோது, அவர்கள் மொழியில் அந்த எழுத்துக்கு 'ஷ' ஒலிதான். கடைசி 'த்ல்' ஒரே ஒலி: நாக்கு நுனியை 'ட' சொல்வதுபோல மேலே ஒட்டிவைத்து, குரல் இல்லாமல் மூச்சை மட்டும் நாக்கின் இரு பக்கமும் விடுங்கள். சட்டென்று வராது, பழக வேண்டும். ஸ்பானியம் பேசுபவர்களே பெரும்பாலும் 'சோச்சில்' என்றுதான் சொல்கிறார்கள்.

2. 'த்ல்' விகுதியை எடுத்துவிடுங்கள்

இதுதான் முக்கியமான படி. 'த்ல்' பெயர்ச்சொல் விகுதி. வேறொரு சொல் பின்னால் வந்து சேரும்போது உதிர்ந்துவிடும். மிச்சம் 'ஷோச்சி'. அதோடு வயலைக் குறிக்கும் 'மில்', இடத்தைக் குறிக்கும் 'கோ' இரண்டையும் சேருங்கள். மெக்சிகோ நகரின் தெற்கே, ஏரிச் சேற்றை மேடாக்கி விவசாயம் செய்யும் ஊரின் பெயர் கிடைக்கும்: பூவயல் ஊர். ஸ்பானிய வாயில் அது சோச்சிமில்கோ.

நம் ஊர்ச் செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். அங்கே அதன் பெயர் செம்போவால்ஷோச்சித்ல், அதாவது 'இருபது பூ'. இதில் பூ கடைசியில் வருவதால் விகுதி அப்படியே நிற்கிறது, கவனியுங்கள்.

3. பக்கத்தில் 'பாட்டு' வைத்துப் பாருங்கள்

பாட்டுக்கு 'குயிகாத்ல்'. 'பூ, பாட்டு' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நவாட்டலில் கவிதை என்று பொருள். இரண்டு சொல்லை அடுத்தடுத்து வைத்து மூன்றாவதைக் குறிப்பது அந்த மொழியின் அழகு. எனக்கு இந்தப் பெயர் பிடித்துப்போனதே இதனால்தான்.

4. இப்போது நீங்களே பிரியுங்கள்: மகுயில்ஷோச்சிட்சின்

'மகுயில்' ஐந்து. 'ட்சின்' மரியாதை விகுதி. நடுவில் நம் ஷோச்சி. ஐந்து பூவா? இல்லை, அது ஒரு நாள். அஸ்டெக் மக்களின் 260 நாள் சுற்றில் 20 நாள் குறிகளும் 1 முதல் 13 வரையான எண்களும் இணைந்து ஓடும். இருபதாவது குறி பூ. பிறந்த நாளின் பெயரையே குழந்தைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது.

இந்தப் பெயர் கொண்டவர் 15-ஆம் நூற்றாண்டில் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானில் வாழ்ந்தவர், அரசர்களின் ஆலோசகர் ட்லகாயெலெலின் மகள். அரசர் அஷாயாகாட்லின் போர் வெற்றியைப் பற்றி அவர் இயற்றிய பாடல் இன்றும் நம்மிடம் இருக்கிறது.