ஊர்ல பழைய காசு தேடப் போறீங்களா? வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

லீவுக்கு ஊருக்கு வர்ற நம்மாளுங்க நிறைய பேருக்கு இப்ப பழைய காசு மேல ஒரு ஆசை வந்திருக்கு, காரைக்குடி போனோம், பழைய சாமான் கடைக்குள்ள பூந்தோம், ஒரு கை காசு அள்ளிட்டு வந்தோம்னு போட்டோ போடறாங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த போட்டோல இருக்கற காசுல பாதியை நாட்டை விட்டு வெளிய எடுத்துட்டுப் போகவே கூடாது, வித்தவருக்கு அது தெரிஞ்சிருக்கும், அவரா வந்து சொல்ல மாட்டார். அதனால எங்க தேடறதுன்னு பேசறதுக்கு முன்னாடி எதைத் தேடறதுன்னு பேசிடலாம்.

1972ல வந்த தொல்பொருள் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1976 ஏப்ரல்ல இருந்து நடைமுறைல இருக்கு. நூறு வருஷமோ அதுக்கு மேலயோ ஆன கலைப் பொருள், வரலாற்றுப் பொருளெல்லாம் தொல்பொருள்தான், அதுல காசையும் பேர் சொல்லியே சேர்த்திருக்காங்க. அதை மத்திய அரசோ அரசு அனுமதி குடுத்த அமைப்போ தவிர வேற யாரும் ஏற்றுமதி பண்ண முடியாது, பொட்டில போட்டு எடுத்துட்டுப் போறதும் ஏற்றுமதிதான். மாட்டினா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், கூடவே அபராதம். "ஒரு காசுதானே சார், பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட்"னு கஸ்டம்ஸ்ல சொன்னா கேப்பாங்களா மாட்டாங்களான்னு சோதிச்சுப் பாக்கற இடம் ஏர்போர்ட் இல்ல.

கணக்கு ரொம்ப சுலபம், நீங்க பிளைட் ஏறற வருஷத்துல இருந்து நூறைக் கழிங்க, அந்த வருஷமோ அதுக்கு முந்தியோ போட்ட காசு எல்லாம் ஊர்லயே இருக்கட்டும். சொந்தபந்தம் யார் வீட்லயாவது பத்திரமா வெச்சுட்டு வரலாம், வாங்கறதும் வெச்சுக்கறதும் தப்பில்ல, கடல் தாண்டறதுதான் தப்பு. இதுல ஒரு வேடிக்கை இருக்கு பாருங்க. அஞ்சாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ஒரு ரூபா இருக்கே, எல்லாக் கடைலயும் முன்னாடி அடுக்கி வெச்சிருப்பாங்களே, அது புழக்கத்துக்கு அடிச்சது 1911ல இருந்து 1922 வரைக்கும்தான், ஆக மொத்தமும் நூறு தாண்டிடுச்சு, ஒண்ணு கூட கொண்டு போக முடியாது. அதே ராஜா தலை போட்ட அரை ரூபா, கால் ரூபா 1936 வரைக்கும் வந்திருக்கு, அதுல வருஷம் பாத்து எடுக்கலாம். ஆறாம் ஜார்ஜ் காசு எல்லாமே இப்போதைக்குத் தாராளமா போகும்.

அப்ப சோழன் காசு, பாண்டியன் மீன் காசு, தரங்கம்பாடி டேனிஷ் காசு, டச்சுக்காரன் காசு, புதுச்சேரின்னு தமிழ்ல போட்ட பிரெஞ்சுக்காரன் செப்புக் காசு, இதெல்லாம்? கண்ணால பாருங்க, அவ்வளவுதான். சென்னைல எழும்பூர் மியூசியத்துல காசுக்குன்னே தனிப் பகுதி இருக்கு (வெள்ளிக்கிழமை லீவு, அன்னிக்குப் போய் நிக்காதீங்க), புதுக்கோட்டைக்காரங்களா இருந்தா திருக்கோகர்ணம் மியூசியம் போங்க, தரங்கம்பாடி கோட்டைக்குள்ளயும் ஒரு சின்ன மியூசியம் இருக்கு. கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதுல ஒண்ணையாவது பாத்துட்டுப் போறது நல்லது, அசல் காசு எப்படித் தேஞ்சிருக்கும், என்ன நிறத்துல இருக்கும்னு கண்ணுக்குப் பழகிடும்.

லண்டன்காரங்களுக்கு ஒரு விஷயம். மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பர்மிங்காம்ல அடிச்ச பத்து காசு, இருபது காசு செப்பு நாணயம் 1808ல போட்டது, அதை ஏத்திட்டு மெட்ராஸுக்குக் கிளம்பின அட்மிரல் கார்ட்னர்ங்கற கப்பல் 1809 ஜனவரில இங்கிலாந்து கரைகிட்டயே முழுகிடுச்சு. 1980கள்ல அதுல இருந்து காசை மூட்டை மூட்டையா எடுத்தாங்க. அந்தக் காசு அங்க காசு வியாபாரிங்க கிட்ட இன்னிக்கும் சாதாரணமா கிடைக்குது, அது மெட்ராஸ் வந்து சேரவே இல்லையே, அதனால இந்தியாவுல இருந்து கடத்தினதான்னு யாரும் கேக்க முடியாது. மெட்ராஸ் காசு வேணும்னா உங்க ஊர்லயே வாங்குங்க.

சரி, கொண்டு போகக்கூடிய காசுல எது நல்லது? எனக்குப் பிடிச்சது ஓட்டைக் காலணா. 1943ல இருந்து 1947 வரைக்கும் அடிச்சது, யுத்த காலத்துல உலோகம் பத்தலன்னு நடுவுல ஓட்டை போட்டுட்டாங்க. விலை குறைவு, போலி பண்ணி யாருக்கும் லாபம் இல்லங்கறதால நம்பி வாங்கலாம். அப்புறம் 1947 ஒரு ரூபா, ஒரு பக்கம் ஜார்ஜ் இன்னொரு பக்கம் புலி, நிக்கல்ல பண்ணது, காந்தம் வெச்சா ஒட்டும். 1950ல இருந்து வந்த சிங்கம் போட்ட அணாக்கள், 1957 ஏப்ரல்ல வந்த நயா பைசா, தாமரை போட்ட மஞ்சக் கலர் இருபது பைசா, இதெல்லாம் அப்பா தாத்தா கையில புழங்கினது, பிள்ளைங்க கையில குடுத்தா கதை சொல்லவும் ஆகும்.

தமிழ் சம்பந்தமா வேணும்னா சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த ஞாபகார்த்தக் காசுங்களைத் தேடுங்க. 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் போட்டது, 2009ல அண்ணா நூற்றாண்டுக்கு வந்த அஞ்சு ரூபா, அதுல அவரோட தமிழ்க் கையெழுத்தே இருக்கும். 2010ல தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம்னு வந்தது, அதுல அஞ்சு ரூபாயும் இருக்கு, ஆயிரம் ரூபா காசும் இருக்கு. கலைஞர் நூற்றாண்டுக்கு 2024ல வந்த நூறு ரூபா காசுல "தமிழ் வெல்லும்"னு போட்டிருக்கும். இந்த நூறு, ஆயிரம் எல்லாம் புழக்கத்துக்கு வராது, அரசு நாணயச்சாலை நேரடியா விக்கும், கடைக்காரர் விலை சொன்னா அந்த வெப்சைட்ல ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அஞ்சு ரூபா காசுங்க மட்டும் மளிகைக் கடை சில்லறைலயே கூட வந்துடும், அதுக்குப் போய் பெரிய விலை குடுக்காதீங்க.

இடம்னு பாத்தா முதல்ல காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுங்களைப் பிரிச்சப்ப வந்த கதவு, தூண், பீங்கான், எனாமல் தூக்குச் சட்டின்னு தெரு பூரா கடைங்க. இந்தக் கடைக்காரங்களுக்கு மரச்சாமான்ல இருக்கற ஞானம் காசுல இருக்காது, அது உங்களுக்கு நல்லதும் கெட்டதும். கண்ணாடிப் பெட்டில வெல்வெட் மேல வெச்சிருக்கற காசைப் பாக்காதீங்க, அது வெளியூர்க்காரங்களுக்கு. "அண்ணே, கலந்து கிடக்கற டப்பா ஏதாவது இருக்கா"ன்னு கேளுங்க. பழைய பிஸ்கட் டின்னோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ வரும், அதைத் தரைல கொட்டிட்டு உக்காந்து பொறுக்கணும். நகரத்தார் பர்மா, மலேயா, சிலோன்னு கொண்டு விக்கப் போனவங்க, அதனால இந்த டப்பாக்கள்ல அந்த ஊர்க் காசெல்லாம் வரும். மலேயாவோட சதுர ஒரு சென்ட் 1939ல இருந்து வந்தது, அதைக் கொண்டு போகலாம், யுத்த காலத்துல மலேயாவைப் பிடிச்ச ஜப்பான்காரன் அடிச்ச வாழைமரம் போட்ட நோட்டும் போகலாம். பனைமரம் நடுவுல, ரெண்டு பக்கமும் சிங்களமும் தமிழும் போட்ட சிலோன் செப்புக் காசு 1870ல இருந்தே இருக்கு, அதுல வருஷம் பாத்து எடுங்க. மலேசியா, சிங்கப்பூர்ல இருந்து வர்றவங்களுக்கு இந்தத் தெருல ஒரு நாள் முழுக்க போனாலும் தகும்.

நாகர்கோவில் பக்கம் சொந்தம் இருந்தா அங்க வேற ரகம். 1956 நவம்பர் வரைக்கும் அது தமிழ்நாட்டோட சேரல, அதனால வீடுங்கள்ல திருவிதாங்கூர் காசு கிடக்கும், பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபான்னு அவங்களுக்குத் தனிக் கணக்கு. சங்கு போட்ட அழகான காசுங்க. ஆனா அதுல கொல்லம் ஆண்டுதான் இருக்கும், 1116னு போட்ட வெள்ளி அரை ரூபாயைக் காட்டி தொள்ளாயிரம் வருஷப் பழசுன்னு விலை சொல்ற ஆளுங்க உண்டு. 825ஐக் கூட்டுங்க, 1941 வரும். கஸ்டம்ஸ்காரரும் அதே 1116ஐப் பாத்து முழிக்கலாம், அதனால பில்லுல ஆங்கில வருஷத்தை எழுதி வாங்கிடுங்க.

சென்னைல பழைய சாமானுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சதோட அந்தக் காலம் போச்சு, இப்ப காசு வாங்கணும்னா பழைய சாமான் கடையை விட காசு சேக்கறவங்க சங்கம் நடத்தற கண்காட்சிதான் சரி, நீங்க வர்ற சமயத்துல எங்கயாவது நடக்குதான்னு விசாரிங்க. புதுச்சேரில காந்தி ரோட்டு ஞாயித்துக்கிழமை சந்தை பெரிய சந்தை, துணிமணிதான் அதிகம், நடுவுல காசு பரப்பி வெச்சிருந்தா பாருங்க, அதுக்குன்னே கிளம்பிப் போக வேண்டாம்.

போலி விஷயம் கொஞ்சம் விரிவாவே சொல்லணும். ராமர் பட்டாபிஷேகம், அனுமார், ஓம் இதெல்லாம் ஒரு பக்கமும் கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணா 1818னு இன்னொரு பக்கமும் போட்ட காசு எங்க பாத்தாலும் விப்பாங்க, கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்ல, அது பூஜை ரூம்ல வைக்க யாரோ பண்ணது. வெள்ளி ரூபாக்கு எடைதான் நீதிபதி: 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பாக்கெட்ல அடங்கற டிஜிட்டல் தராசும் ஒரு லென்ஸும் சின்னக் காந்தமும் கொண்டு போங்க. 1939 வரைக்கும் 91.7 சதவீதம் வெள்ளி, அதனால ஒரு ரூபாயில சுமார் 10.7 கிராம் வெள்ளி இருக்கு, 1940ல இருந்து 45 வரைக்கும் பாதிதான் வெள்ளி. அன்னிக்கு வெள்ளி விலையோட பெருக்கிப் பாத்தீங்கன்னா அடிமட்ட விலை தெரிஞ்சுடும், அதுக்கும் கீழ ஒருத்தர் குடுக்கறார்னா அவர் வள்ளல் இல்ல, காசு வெள்ளி இல்ல. காந்தத்துல ஒட்டினாலும் வெள்ளி இல்ல. விளிம்பைச் சுத்தி வார்ப்புக் கோடு தெரியுதா, எழுத்து சோப்புல செதுக்கின மாதிரி மழுங்கி இருக்கா, சின்னச் சின்னக் குழி இருக்கா, பாருங்க. 1939 ரூபான்னு நீட்டினா வாங்கவே வாங்காதீங்க, அசல் அபூர்வம், போலி கணக்கில்ல.

காசுமாலைல இருந்து பிரிச்ச காசா இருந்தா மேல பத்தவெச்ச தடம் இருக்கும், சேக்கறவங்க கண்ணுக்கு அதுக்கு மதிப்பு கம்மி, விலையும் கம்மியாத்தான் இருக்கணும். அமராவதி ஆத்துல கிடைச்சது, சேரன் காசு, ரோமன் காசுன்னு கோயில் வாசல்ல ஒருத்தர் ரகசியமா கையைத் திறந்து காட்டினா நடையைக் கட்டுங்க. கரூர்ல ஆத்து மணல்ல அந்தக் காசெல்லாம் நிஜமாவே கிடைச்சிருக்கு, அதனாலதான் இந்தக் கதை எடுபடுது. போலியா இருந்தா பணம் போச்சு, அசலா இருந்தா 1878 புதையல் சட்டப்படி கலெக்டர்கிட்ட போக வேண்டியது, ரெண்டுல எதுவும் உங்களுக்கு வேண்டாம். அரிசியை இழுக்கற செம்புக் காசு, இரிடியம்னு யாராவது ஆரம்பிச்சா அது மோசடிதான், சித்தப்பா மகனா இருந்தாலும் பேச்சை மாத்துங்க. டிராக்டர் போட்ட அஞ்சு ரூபா நோட்டுக்கு லட்சம் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்கன்னு வர்ற மெசேஜும் அதே ஜாதி, ரிசர்வ் பேங்க்கே 2021ல எச்சரிக்கை விட்டிருக்கு.

பேரம் பேசறப்ப நீங்க பேசாதீங்க, உள்ளூர்ல இருக்கற மாமாவையோ மச்சானையோ விடுங்க, நம்ம தமிழ்ல ஒரு "யூ நோ" வந்தாலே விலை ஏறிடும். "இது பழசா"ன்னு கேக்கவே கூடாது, "ஆறாம் ஜார்ஜ் கால் ரூபா 1943 இருக்கா"ன்னு பேர் சொல்லிக் கேட்டா விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு நினைப்பாங்க. காசோட பேர், வருஷம், எண்ணிக்கை எழுதின பில் கட்டாயம். கடைக்குத் தொல்பொருள் லைசென்ஸ் இருக்கான்னும் கேக்கலாம், கோச்சுக்கிட்டா அடுத்த கடை இருக்கு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே தேடுங்க, அப்பத்தா வெத்தலைப் பொட்டி, சாமி ரூம்ல மஞ்சத்துணில முடிஞ்சு வெச்ச காணிக்கைக் காசு (அதை மட்டும் கேட்டுட்டுத் தொடுங்க). வீட்ல கிடைச்சாலும் நூறு வருஷக் கணக்கு அதேதான், அப்பத்தா குடுத்ததுங்கறதுக்காகச் சட்டம் விலகிக்காது. சந்தேகமா இருந்தா தொல்லியல் துறைகிட்ட இது தொல்பொருள் இல்லன்னு சான்று வாங்கலாம், சென்னை வட்ட ஆபீஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கு. கிளம்பறதுக்கு முந்தின நாள் போய் நிக்காம ஊருக்கு வந்த முதல் வாரமே போங்க.

எது வாங்கினாலும் புளி, பீதாம்பரி, விபூதி போட்டுத் தேய்க்காதீங்க, அம்மா ஆசையா வாங்கிட்டுப் போய் பளபளன்னு ஆக்கிடுவாங்க, அதோட மதிப்பு பாதி போயிடும், கையில குடுக்கறப்பவே சொல்லிடுங்க. கடைல தர்ற மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக் கவர்லயும் நாள் கணக்கா வைக்காதீங்க, நம்ம ஊர்ப் புழுக்கத்துல செப்புக் காசு மேல பச்சைப் பிசுக்கு ஏறிடும், அட்டை ஹோல்டர்ல மாத்துங்க. எல்லாத்தையும் பில்லோட கைப்பையில வெச்சுக்கோங்க, ஸ்கேனர்ல காசுக் குவியல் தெரிஞ்சா திறந்து காட்டச் சொல்லுவாங்க, அப்ப லக்கேஜ் உள்ள போயிருந்தா நீங்க ஓட வேண்டி வரும்.