ஆசிரியர் படிப்பில் சேரப்போகிறீர்களா? பாடப்பட்டியலை இப்படிப் பாருங்கள்

கல்வியியல் துறையின் பாடப்பட்டியலை முதல்தடவை திறந்து பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், கலைத்திட்டம், மதிப்பீடு, சிறப்புக் கல்வி, அதற்குக் கீழே கற்பித்தல் முறைகள் ஒன்று, இரண்டு, மூன்று. எதை எப்போது எடுப்பது, எது வேலைக்கு உதவும், எது சும்மா கிரெடிட் கணக்குக்கு என்று பட்டியலைப் பார்த்து ஒருவருக்கும் தெரியாது. நானும் அப்படித்தான் கால அட்டவணைக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு போனேன், இரண்டாம் வருடம் முடியும்வரை ஒரு பள்ளி வகுப்பறைக்குள் காலே வைக்கவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யவேண்டாம் என்பதற்காகத்தான் இது.

முதலில் ஒரு அடிப்படைச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பட்டத்தின் பெயரில் ‘கல்வி’ என்று இருப்பதாலேயே அது உங்களை ஆசிரியர் ஆக்கிவிடாது. கல்வியைப் பற்றி ஆராயும் படிப்பு வேறு, பள்ளியில் கற்பிக்கத் தகுதி தரும் படிப்பு வேறு. முதல்வகைப் படிப்பு கொள்கை, நிர்வாகம், பாடநூல் தயாரிப்பு, ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கு நல்லது, ஆனால் அதை முடித்துவிட்டு வகுப்பெடுக்கப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் வகையிலும் இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று, பாடத்தையும் கற்பித்தலையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கும் ஒருங்கிணைந்த பட்டம். இன்னொன்று, முதலில் கணிதமோ வரலாறோ ஒரு பட்டம், அதற்குப் பிறகு தனியாக ஆசிரியர் பயிற்சி. பதினேழு பதினெட்டு வயதிலேயே இதுதான் என் வேலை என்று உறுதியாகத் தெரிந்தால் முதல் பாதை, இல்லையென்றால் இரண்டாவது. நடுவில் மனம் மாறினால் ஒருங்கிணைந்த பட்டத்திலிருந்து வெளியே வருவது கஷ்டம். எதில் சேர்ந்தாலும், நீங்கள் எங்கே கற்பிக்கப்போகிறீர்களோ அங்கே உரிமம் தரும் அமைப்பின் பட்டியலில் இந்தப் படிப்பு இருக்கிறதா, எந்த வகுப்புகளுக்கு, எந்தப் பாடத்துக்கு என்று நீங்களே பாருங்கள். சேர்க்கை அலுவலகத்தில் வாயால் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது பட்டியலுக்கு வருவோம். தலைப்புகளை விட்டுவிட்டு ஒவ்வொரு பாடத்தின் விவரக் குறிப்பிலும் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: இந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் நிஜமான பள்ளியில், நிஜமான பிள்ளைகளோடு இருப்பேன்? முதல் வருடத்திலேயே வாரம் ஒரு காலையாவது பள்ளிக்கு அனுப்புகிற பாடம் இருந்தால், அதை யோசிக்காமல் எடுங்கள். பள்ளிக்குள் போக முன்தேவையாக இன்னொரு பாடம் வைத்திருப்பார்கள், அதை முதல் பருவத்திலேயே முடித்துவிடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு மாதிரியான கடிதங்கள் கேட்பதும் உண்டு, அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அது வராமல் ஒரு பருவத்தையே இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சீக்கிரம் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் ஒன்று சொன்னார்: மற்ற எந்த வேலைக்கு வருகிறவரும் இந்த அளவுக்கு அந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வருவதில்லை. பள்ளிக்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறோம். ஆனால் பார்த்தது பெஞ்சில் உட்கார்ந்து. கரும்பலகையில் அவர் எழுதியது தெரியும், ஏன் அந்தக் கணக்கை முதலில் போட்டார், கடைசி வரிசைப் பையனை ஏன் அன்றைக்குக் கேள்வி கேட்காமல் விட்டார் என்பது தெரியாது. அதனால் வேலை தெரியும் என்ற நினைப்போடு வருகிறோம், முதல் வகுப்பில் நமக்குப் பிடித்த ஆசிரியரை அப்படியே நடித்துக் காட்டுகிறோம். ஆசிரியர் படிப்பின் பாதி வேலை இந்த நினைப்பைக் கழற்றுவதுதான்.

பள்ளிக்கு வேடிக்கை பார்க்க அனுப்பும்போது, அதாவது வகுப்பறை அவதானிப்பு என்று பெரிய பெயரில் அனுப்பும்போது, ஆசிரியரைப் பார்க்காதீர்கள். ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து இருபது நிமிடம் அந்தப் பிள்ளையை மட்டும் பாருங்கள். ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளையும் வேண்டாம், ரொம்பக் குறும்புப் பிள்ளையும் வேண்டாம், யார் கண்ணிலும் படாத ஒரு பிள்ளை. ஒவ்வொரு நிமிடமும் அது என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘கவனிக்கவில்லை’ என்று எழுதக்கூடாது, ‘பென்சில் சீவுகிறாள், மூன்றாவது தடவை’ என்று எழுதவேண்டும். இப்படி நான் பார்த்த முதல் பிள்ளை இருபது நிமிடத்தில் ஒரு விடைகூடத் தானாகப் போடவில்லை, ஆசிரியர் பலகையில் விடையை எழுதும்வரை காத்திருந்து, அழகான கையெழுத்தில் பார்த்து எழுதி, சரி போட்டுக்கொண்டாள். நோட்டைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு.

கற்பித்தல் முறைப் பாடங்களில்தான் இந்தப் படிப்பின் உயிர் இருக்கிறது. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் 1986இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார், பாடத்தைக் கற்பிப்பதற்கான பாட அறிவு என்று சொல்லலாம். பாடம் தெரிந்தவருக்கும் பாடத்தைக் கற்பிக்கத் தெரிந்தவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அது. ஒரு உதாரணம். 0.4, 0.35 இரண்டில் எது பெரியது? நிறையப் பிள்ளைகள் 0.35 என்பார்கள், 35 பெரியதுதானே என்று. இது எல்லோரும் எதிர்பார்க்கும் தவறு. வேறொரு பிள்ளை 0.4 என்று சரியாகச் சொல்கிறது, நீங்களும் ‘வெரி குட்’ சொல்லிவிட்டு நகர்கிறீர்கள். நகராதீர்கள். 0.3, 0.45 இரண்டையும் எழுதி அதே கேள்வியைக் கேளுங்கள். இப்போது அந்தப் பிள்ளை 0.3 என்று சொல்லலாம், ஏனென்றால் அதன் மனதில் இருக்கும் விதி, இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்பது. முதல் விடை சரி, காரணம் தப்பு. எந்த இரண்டு எண்களைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் விதி வெளியே வரும் என்று தெரிவதுதான் ஆசிரியரின் தொழிலறிவு, கணிதப் பட்டம் அதைத் தராது. முறைப் பாடத்தை நடத்துகிறவர் இந்த மாதிரி பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கொண்டுவந்து கொட்டுகிறாரா, இல்லை ‘செயல்வழிக் கற்றலின் நன்மைகள் பத்து’ என்று எழுதிப்போடுகிறாரா என்று முந்தைய மாணவர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

லெசன் பிளான் எழுதுவதைப் பற்றி எல்லோரும் புலம்புவார்கள், நியாயமான புலம்பல்தான், நாற்பது நிமிட வகுப்புக்கு நான்கு பக்கம். ஆனாலும் முதல் இருபது திட்டங்களை ஒழுங்காக எழுதுங்கள். பின்னாலிருந்து தொடங்குங்கள். வகுப்பு முடிந்ததும் பிள்ளை எதைச் செய்து காட்டவேண்டும் என்று முதலில், பிறகு அதைச் சோதிக்கும் ஒரே ஒரு கேள்வி, அப்புறம்தான் செயல்பாடு. ‘மாணவர்கள் தசம எண்களைப் புரிந்துகொள்வார்கள்’ என்று எழுதினால் பேராசிரியர் சுழிப்பார், சுழிக்கவும் வேண்டும், புரிந்துகொள்வது வெளியே தெரியாது. ‘இரண்டு தசம எண்களில் பெரியதைச் சொல்லி, ஏன் என்று எண்கோட்டில் காட்டுவார்கள்’ என்றால் பார்க்க முடியும். பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளரும் அவரது குழுவினரும் 1956இல் வெளியிட்டு 2001இல் திருத்தப்பட்ட, நினைவுகூர்வதில் தொடங்கி மேலே போகும் கற்றல் நோக்கங்களின் ஆறு படிகளை மனப்பாடம் செய்யச் சொல்வது இதற்காகத்தான், ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஆறு படியும் ஏறவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மைக்ரோ டீச்சிங் 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலனும் உடனிருந்தவர்களும் தொடங்கியது. ஐந்து பத்து நிமிடம், நாலைந்து பிள்ளைகள், ஒரே ஒரு திறன், வீடியோ பதிவு, பார்த்துப் பேசிவிட்டு உடனே மறுபடி நடத்துவது. நிறைய இடங்களில் இது சக மாணவர்கள் குழந்தைகள் மாதிரி நடிக்க நாம் ஆசிரியர் மாதிரி நடிக்கும் நாடகமாக மாறிவிட்டது. அதிலும் பலன் எடுக்கலாம், இரண்டு விஷயம் செய்தால். உங்கள் வீடியோவை நீங்களே பாருங்கள், வெட்கமாகத்தான் இருக்கும். என் ஆறு நிமிட வீடியோவில் ‘புரிஞ்சுதா?’ என்று பதினொரு தடவை கேட்டிருந்தேன், ஒரு தடவைகூடப் பதிலுக்கு நிற்கவில்லை. இரண்டாவது, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு அளந்தபோது சராசரியாக ஒரு விநாடிதான் வந்தது. அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில்கள் நீளமாகின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது என்றும் காட்டினார். மூன்று விநாடி என்பது எழுதும்போது ஒன்றுமில்லை, முப்பது முகங்களுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு யுகம்.

உளவியல் பாடத்தில் பெயர்கள் கொட்டும். பியாஜே, வைகாட்ஸ்கி, ஸ்கின்னர், ப்ரூனர். பெயரைவிட எந்தக் கருத்துக்குச் சான்று இருக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். பார்த்துக் கற்கிறவர், கேட்டுக் கற்கிறவர், செய்து கற்கிறவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்றபடி நடத்தவேண்டும் என்ற பேச்சு இன்னும் சில பாடக்குறிப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2008இல் பாஷ்லர் என்ற உளவியலாளரும் இன்னும் மூன்று பேரும் ஆய்வுகளை அலசிப் பார்த்து அதற்குப் போதிய சான்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாறாக, படித்ததைப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது நீண்ட நாள் நிற்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006இல் காட்டியது: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர் ஜெயிக்கிறார், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தன்னைத் தானே சோதித்துக்கொண்டவர். உங்கள் பருவத்தேர்வுக்கும் இது பொருந்தும். இன்னொரு சின்ன விஷயம், ‘சாரக்கட்டு’, அதாவது பிள்ளை தானாகச் செய்யும்வரை ஆசிரியர் தற்காலிகமாகக் கொடுக்கும் உதவி, என்ற சொல்லை வைகாட்ஸ்கி தந்ததாகத் தேர்வில் எழுதாதீர்கள். அவர் 1934இலேயே இறந்துவிட்டார், அந்தச் சொல்லை இந்தப் பொருளில் கொண்டுவந்தது 1976இல் வுட், ப்ரூனர், ராஸ் மூவர்.

தத்துவமும் வரலாறும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஆசிரியர் கிடைத்தால் எடுங்கள். சிறப்புக் கல்வியை மட்டும் விருப்பப்பாடம்தானே என்று தள்ளிப்போடவேண்டாம். எந்த வகுப்பில் போய் நின்றாலும் எழுத்து எண்ணில் தடுமாறும், காது சரியாகக் கேட்காத, ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

கடைசியில் வருவது நீண்ட கற்பித்தல் பயிற்சி. பள்ளியைவிட வழிகாட்டி ஆசிரியர் முக்கியம், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் தன் வகுப்பின் கதவைத் திறந்து வைத்திருப்பவரைக் கேளுங்கள். முதல் வாரமே முழு வகுப்பையும் கையில் எடுக்காதீர்கள். முதலில் வருகைப்பதிவு, பிறகு ஐந்து பேர் கொண்ட குழு, பிறகு ஒரு பாடத்தின் தொடக்கப் பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். பெயர்களை மூன்று நாளில் மனப்பாடம் செய்யுங்கள். ‘ஏய், நீலச் சட்டை’ என்று கூப்பிடுகிறவர் சொல்வதை எந்த வகுப்பும் கேட்காது. வழிகாட்டி ஆசிரியரிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்தது’ என்றுதான் வரும். வகுப்புக்கு முன்னாலேயே, இன்றைக்கு நான் யாரையெல்லாம் கேள்வி கேட்கிறேன் என்று மட்டும் குறித்துத் தாருங்கள் என்று கேட்டுவையுங்கள். எனக்கு வந்த தாளில் முன்வரிசை நான்கு பெயர்தான் திரும்பத் திரும்ப இருந்தது.

அன்றாடம் ஒரு நோட்டில் எழுதுங்கள், அன்றைக்கு மாலையே. திட்டத்தில் என்ன இருந்தது, என்ன நடந்தது, எந்த இடத்தில் வகுப்பு கையைவிட்டுப் போனது, நாளைக்கு எதை மாற்றப்போகிறேன். நான்கு வரி போதும். இரண்டு நாள் கழித்து எழுதினால் நல்லது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். வேலைக்கான நேர்காணலில் சரியாகப் போகாத ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். நோட்டு வைத்திருந்தால் எந்த நாள், எந்தக் கேள்வி, மறுநாள் என்ன மாற்றினீர்கள் என்று சொல்ல முடியும்.